பண்டிகை விருந்தும் குடும்ப மனத்தாங்கலும்: வடசென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான், பக்ரீத் என்று எந்தப் பண்டிகையாக இருந்தாலும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள வீடுகளில் சாப்பாட்டு வேளையில் எழும் மனத்தாங்கல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. பண்டிகையன்று வெடிப்பது பெரும்பாலும் பண்டிகைக்கு முன்பே பேசி முடிக்காமல் விட்ட ஏதோ ஒன்று என்பது இந்தப் பக்கத்தின் கருத்து. ஆகையால் இங்குள்ள பதில்களில் பல, விருந்துக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே பேசுகின்றன.

ஆண்டு முழுவதும் சுமுகமாக இருக்கும் குடும்பத்தில் பண்டிகையன்று மட்டும் ஏன் சண்டை வருகிறது?

அந்தச் சுமுகத்துக்குப் பாதிக் காரணம், எல்லோரும் ஒன்றாக இல்லாததுதான். அண்ணன் கொருக்குப்பேட்டையிலும் தம்பி மணலியிலும் தங்கை ஆவடியிலும் இருந்துகொண்டு, வாரத்துக்கு ஒருமுறை போனில் நலம் விசாரித்துக்கொள்ளும் வரையில் உரசலுக்கு இடமில்லை. பண்டிகையன்று அத்தனை பேரும் ஒரு கூடமும் ஓர் அறையும் உள்ள வீட்டில் காலை முதல் இரவு வரை இருக்கிறார்கள். அப்போது யார் முடிவெடுத்தார்கள், யார் உழைத்தார்கள், யார் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற மூன்று கணக்குகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி திறந்துகொள்கின்றன.

அந்தக் கணக்கு வாயால் சொல்லப்படுவதில்லை, தட்டில் தெரியும். முழு வஞ்சிரம் ஒன்றை வாங்கி வெட்டினால் நடுத் துண்டுகள் அகலமாக வரும், வால் பக்கம் போகப்போகச் சிறுக்கும். நடுத் துண்டுகளை வறுத்து மாப்பிள்ளைக்கும் மகனுக்கும் வைத்துவிட்டு, வால் துண்டும் குழம்பில் கிடக்கும் தலையும் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்ற மருமகளுக்கு மிஞ்சினால், அவள் அன்றைக்கு ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாள். மீன் தலையை ஆசையாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டுதான். ஆனால் விரும்பிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது வேறு, மிஞ்சியதால் சாப்பிடுவது வேறு. சில மாதங்கள் கழித்து, பள்ளிக் கட்டணத்தைப் பற்றியோ கேஸ் சிலிண்டரைப் பற்றியோ நடக்கும் ஒரு வாக்குவாதத்தின் நடுவில் அந்த வால் துண்டு வெளியே வரும். கேட்கிறவருக்கு அது அற்பமாகப் படும். சொல்கிறவருக்கு அது அந்த வீட்டில் தன் இடம் எது என்பதற்கான சாட்சி.

இது தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் உரியதா?

இல்லை. கொரியாவில் சுசோக் என்னும் அறுவடைத் திருநாளுக்கும் சொல்லால் என்னும் புத்தாண்டுக்கும் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். படையல் கணவனின் முன்னோருக்கு. சமையலோ, அந்த முன்னோரைக் கண்ணாலும் பார்த்திராத மருமகள்களுடையது. பண்டிகை முடிந்ததும் வரும் இடுப்பு வலி, தலைவலி, மனச்சோர்வு எல்லாவற்றையும் சேர்த்துப் ‘பண்டிகை நோய்’ என்றே அங்கே பெயரிட்டிருக்கிறார்கள். சீனாவில் புத்தாண்டுக்கு முந்தைய இரவு விருந்துக்குக் குடும்பம் முழுவதும் கூடியே ஆக வேண்டும். பெருநகரங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் அந்த விருந்தில் சந்திக்கும் முதல் கேள்வி திருமணத்தைப் பற்றியது. அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள். அங்கே வான்கோழியை வெட்டுவதற்குள் அரசியலை வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள்.

தொலைவுக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. பெரம்பூரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் அன்று தேங்காய்ப்பால் மஞ்சள் சோறும் கோளாக் குழம்பும் வைக்கும்போது, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளில் யார் அம்மாவை அழைத்துக்கொள்வது என்ற பேச்சு அதே மேசையில் வரும். மண்ணடியில் ரம்ஜான் பிரியாணி எந்த அண்ணன் வீட்டில் என்பது ஒரு கேள்வி. சௌகார்பேட்டையில் தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் சகோதரன் சகோதரி வீட்டுக்குச் சென்று உண்ணும் பாய்தூஜ் அன்று, எந்தத் தங்கை வீட்டுக்கு அண்ணன் முதலில் போனார் என்பது ஒரு கேள்வி. உணவும் கடவுளும் மாறுகின்றன. பந்தியில் இடம் பற்றிய கணக்கு மாறுவதில்லை.

மற்ற சமூகங்கள் இதைச் சமாளிக்க ஏதேனும் வழி வைத்திருக்கின்றனவா?

வைத்திருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதியும் இதுதான். பல பண்டிகைகளில் நாம் வெறும் சடங்கு என்று நினைத்துக் கடந்துபோகும் ஒன்று, உற்றுப் பார்த்தால், சண்டையை எதிர்பார்த்து முன்னோர் செய்துவைத்த ஏற்பாடாக இருக்கிறது.

போலந்தில் டிசம்பர் 24ஆம் தேதி மாலை, வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பின்பே விருந்து தொடங்கும். அதற்கு முன் ஒப்வாதெக் என்னும் மெல்லிய அப்பம் ஒன்றை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் உடைத்துப் பகிர்ந்து, வாழ்த்துச் சொல்லி, பழைய வருத்தங்களை மன்னித்துக்கொள்ள வேண்டும். இறைச்சியில்லாத பன்னிரண்டு பதார்த்தங்கள் அதற்குப் பிறகுதான். பேசாமல் முகம் திருப்பிக்கொண்டிருக்கும் இரண்டு மைத்துனர்கள் கூட அந்த அப்பத்துக்காக எதிரெதிரே நின்றாக வேண்டும். மேசையில் ஓர் இடம் காலியாக விடப்படும். எதிர்பாராத விருந்தாளி வந்தால் அவருக்கு. அழைக்காமல் வந்துவிட்ட உறவினரைப் பற்றிய முணுமுணுப்புக்கு அங்கே முன்கூட்டியே வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் யூதர்களின் பாஸ்கா விருந்தில் வீட்டின் கடைசிக் குழந்தை, இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை என்று கேட்டுத் தொடங்க, பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். அதே விருந்தில் வாசிக்கப்படும் பகுதியில் நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வரும்: அறிவாளி, துடுக்குக்காரன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். ‘இதெல்லாம் உங்களுக்கு எதற்கு?’ என்று எதிர்த்துக் கேட்கும் பிள்ளைக்குக் கடுமையான பதில் உண்டு. ஆனால் அவனுக்கும் பந்தியில் இடம் உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் எதிர்க் கேள்வி கேட்கும் பிள்ளையைப் பண்டிகையன்று எழுந்து போகச் சொல்வதுதான் வழக்கம்.

ஈரானியரின் நவ்ரூஸ் புத்தாண்டில், யார் யார் வீட்டுக்கு முதலில் போவது என்ற வம்பே கிடையாது. இளையவர்கள் முதலில் மூத்தோரைப் போய்ப் பார்க்க வேண்டும். மூத்தோர் அதன்பின் பதிலுக்குப் போக வேண்டும். நம் சௌகார்பேட்டைச் சமணர்கள் பர்யூஷண் என்னும் நோன்புக் காலத்தின் இறுதியில், சம்வத்சரி அன்று, ‘மிச்சாமி துக்கடம்’ என்று சொல்லி, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்காக வீட்டார், உறவினர், வியாபாரக் கூட்டாளிகள் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். அன்றைக்கு விருந்து கிடையாது, உபவாசம். மன்னிப்பையும் சாப்பாட்டையும் வேறு வேறு நாட்களுக்குப் பிரித்துவைத்தது, என் பார்வையில், இவை எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பக்ரீத் அன்று குர்பானி இறைச்சியை மூன்று பாகமாக்கி, வீட்டுக்கு ஒன்று, உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று என்று பிரிப்பது வழக்கம். பங்கு எத்தனை என்பது முன்பே தீர்ந்துவிட்டதால், மிச்சமிருக்கும் வாக்குவாதம் எந்த வீட்டுக்கு எந்தத் துண்டு என்பது மட்டுமே.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வீட்டார் பெரிய பட்டியல் தருகிறார்கள். எவ்வளவு செய்வது முறை?

முறை என்று எழுதிவைத்த தொகை எதுவும் இல்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் புத்தாடை, பலகாரம், பட்டாசு, விருந்து ஆகியவை எல்லா வீடுகளிலும் நடப்பவை. மோதிரமும் வண்டியும் அவரவர் வசதியையும் பக்கத்து வீட்டு ஒப்பீட்டையும் பொறுத்து வந்து சேர்ந்தவை. பெற்றோர் தாமாக விரும்பிச் செய்யும் வழக்கமான சீர் வேறு, இன்னது வேண்டும் என்று கேட்டு வாங்குவது வேறு. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம், திருமணத்துக்கு முன்போ பின்போ திருமணத்தை முன்னிட்டுக் கேட்கப்படுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது; கேட்பதே குற்றம். சட்டத்தைச் சம்பந்தி வீட்டில் போய்ச் சொல்லிவிட முடியாது என்பது தெரிந்ததே. ஆனால் தன் வீட்டார் பட்டியல் தந்தார்கள் என்பதை மாப்பிள்ளைக்குத் தெரியப்படுத்தலாம். பல வீடுகளில் அது அவருக்கே தெரியாமல் நடக்கிறது.

தொகையைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பெண்ணின் பெற்றோர் தமக்குள் முடிவு செய்து, அதற்கு மேல் ஒரு ரூபாயும் கடன் வாங்குவதில்லை என்று நிற்பது நல்லது. முதல் ஆண்டு செய்தது இரண்டாம் ஆண்டின் பொங்கல் சீருக்கும் அடுத்த பெண்ணின் தலை தீபாவளிக்கும் அளவுகோலாகிவிடும்.

தீபாவளியன்று எந்த வீட்டுக்குப் போவது, கணவர் வீட்டுக்கா, அம்மா வீட்டுக்கா?

தலை தீபாவளி பெண் வீட்டில் என்பதில் தகராறு இல்லை. தகராறு இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. ஓராண்டு இங்கே, ஓராண்டு அங்கே என்று மாற்றிக்கொள்வது நியாயமாகத் தெரிந்தாலும், பேரக்குழந்தை பிறந்ததும் அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் முறிந்துவிடுகிறது. ஊருக்குள்ளேயே இரண்டு வீடுகளும் இருந்தால் ஒரு நாளை இரண்டாகப் பிரிப்பது எளிது. தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் நேரம் ஒதுக்கப்பட்டு வருகிறது. எண்ணெய்க் குளியல், காலைப் பட்டாசு, இட்லியும் கறிக்குழம்பும் ஒரு வீட்டில், மாலைப் பட்டாசும் இரவுச் சாப்பாடும் மற்ற வீட்டில் என்று அதைக் கொண்டே நாளைப் பகுத்துக்கொள்ளலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, திருவொற்றியூரில் மாமியார் வீடும் கிண்டியில் அம்மா வீடும் உள்ள பெண்ணுக்கு ‘பஸ் கிடைக்கவில்லை’ என்ற சாக்கும் போய்விட்டது. அது இலாபமா நட்டமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

எந்த வேளை எந்த வீடு என்பதைச் சொல்ல வேண்டியவர் அந்தந்த வீட்டுப் பிள்ளை. மருமகள் வாயால் மாமியாருக்கும், மாப்பிள்ளை வாயால் மாமனாருக்கும் சொல்லவைப்பதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

எங்கள் வீட்டில் நோம்பு உண்டு. மருமகள் வீட்டில் தீபாவளி என்றால் கறிக்குழம்பு. இரண்டும் மோதுகின்றன. என்ன செய்வது?

வடசென்னையில் மிக அதிகமாகக் கேட்கப்படும், வெளியில் மிகக் குறைவாகப் பேசப்படும் கேள்வி இது. புரட்டாசி முழுவதும் கவிச்சி தொடாமல் இருந்த வீடு, ஐப்பசியில் வரும் தீபாவளிக் காலையின் ஆட்டுக்கறிக் குழம்புக்காகக் காத்திருக்கும். தமிழ்நாட்டில் தீபாவளி நரக சதுர்த்தசி அன்று. கேதார கௌரி நோம்பு அதை ஒட்டி வரும் அமாவாசையில். சில ஆண்டுகளில் நோம்பு மறுநாள் வரும். அப்போது தகராறு இல்லை. வேறு சில ஆண்டுகளில் தீபாவளியன்றே அமாவாசை பிறந்துவிடும். அப்போது ஒரே அடுப்பில் கறியா அதிரசமா என்ற நிலை வருகிறது.

நோம்பு எல்லா வீடுகளுக்கும் உரியதன்று. வழிவழியாக எடுத்துவரும் குடும்பங்களுக்கே அது உண்டு. எடுத்தால் விடக் கூடாது என்ற அச்சமும் அதோடு சேர்ந்தே வரும். இருபத்தோரு அதிரசம், நோம்புக் கயிறு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு என்று எல்லாவற்றையும் மாமியார் அந்தந்த எண்ணிக்கையில் எடுத்துவைக்கும்போது, அதில் பக்தியோடு ‘என் காலத்தில் இது அறுந்துபோகக் கூடாது’ என்ற பொறுப்பும் இருக்கிறது. பாகு பதம் தப்பி அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனால் அதை அபசகுனமாக எடுத்துக்கொண்டு, மாவைத் தொட்டது யார் என்று கேட்கும் வீடுகளும் உண்டு. நோம்பு இல்லாத வீட்டிலிருந்து வந்த மருமகளுக்கு அது தன்னைக் குறிவைத்துச் சொன்ன சொல்லாகவே படும். மேலும் சில வீடுகளில் நோம்புப் பண்டத்தைப் பங்காளிகளுக்குத் தவிர வேறு யாருக்கும் தருவதில்லை. கட்டிக்கொடுத்த மகள் வேறு வீட்டுக்காரி என்று அவளுக்கே அதிரசம் மறுக்கப்படும்போது, அன்றைய அழுகைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வழி என்னவென்றால், ஆடி மாதமே நாட்காட்டியைப் பார்த்துவிட வேண்டும். அமாவாசையும் தீபாவளியும் ஒரே நாளில் சேரும் ஆண்டாக இருந்தால், கறிச் சமையலை மருமகளின் அம்மா வீட்டுக்கு மாற்றி, பிள்ளைகள் காலையில் அங்கே சாப்பிட்டுவிட்டு, தலைக்குக் குளித்து மாலை நோம்புக்கு இங்கே வரலாம். அல்லது நோம்பு முடிந்த மறுநாள் கறி எடுக்கலாம். மகளுக்குத் தருவதற்காக, படையலில் வைக்காத அதிரசத்தைத் தனியாகச் சுட்டு வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. மரபும் கெடவில்லை, மகளும் வெறுங்கையோடு போகவில்லை.

வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுகிறது. ஆண்களிடம் எப்படிச் சொல்வது?

‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. பெயர் சொல்லி, வேலையைச் சொல்லி, நேரத்தைச் சொல்லிப் பிரிக்க வேண்டும். காசிமேட்டில் மீன் வாங்குவதோடு அதை ஆய்ந்து கழுவி வைப்பதும் இன்னார் வேலை. தேங்காய் துருவுவது இன்னார். இரண்டாம் பந்திக்குப் பரிமாறுவதும் பாத்திரம் தேய்ப்பதும் இன்னார். ‘மீன் வாங்கி வந்து கொடுத்தேனே’ என்று கூடத்தில் பையை வைத்துவிட்டு டிவி முன்னால் உட்காரும் அண்ணன்மார்களுக்கு இந்த இரண்டாம் பாதி மிகவும் அவசியம்.

சமையலைக் குறைப்பதும் ஒரு வழி. ஜப்பானியர்கள் புத்தாண்டுக்கு ஒசேச்சி என்ற உணவு வகைகளை முன்பே செய்து அடுக்குப் பெட்டிகளில் வைத்துவிடுவார்கள். முதல் மூன்று நாட்கள் அடுப்படிக்கு ஏறக்குறைய ஓய்வு. கொரியாவில் கன்பூசிய மரபின் தலைமை நிறுவனமான சங்க்யுன்குவான், 2022 செப்டம்பரில், படையலுக்கு எண்ணெயில் பொரித்த பண்டங்கள் கட்டாயமில்லை என்றும் ஏறக்குறைய ஒன்பது பதார்த்தங்கள் போதும் என்றும் வெளிப்படையாக அறிவித்தது. மரபைக் காப்பவர்களே முன்வந்து அதைச் சுருக்கினார்கள் என்பது இதில் முக்கியம். நம் வீட்டிலும் முறுக்கையும் லட்டையும் கடையில் வாங்கலாம் என்ற சொல் மாமியார் வாயிலிருந்து வந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். மருமகள் வாயிலிருந்து வந்தால் அது சோம்பல் என்று பெயர் எடுக்கும். ஆகவே மகன்தான் அம்மாவிடம் முதலில் பேச வேண்டும்.

பந்தி முறையையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். சமைத்தவர்கள் முதல் பந்தியில் உட்கார, மற்றவர்கள் பரிமாறட்டும். முதலில் எல்லோரும் கூச்சப்படுவார்கள்.

‘எப்பம்மா கல்யாணம்?’, ‘இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேட்பவர் எல்லோரும் குத்திக்காட்டக் கேட்பதில்லை. ஆண்டுக்கொருமுறை பார்க்கும் பெரியம்மாவுக்கு, உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கத் தெரியாது. தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்கிறார். அவருக்கு ‘வரும்போது உங்களிடம்தான் முதலில் சொல்வேன், பெரியம்மா’ என்ற பதிலே போதும். குழந்தைப் பேறு பற்றிய கேள்வி வேறு வகை. அதைப் பந்தியில், நான்கு பேர் முன்னிலையில், அந்தப் பெண்ணிடம் கேட்பது கொடுமை. அங்கே அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவன் ‘அந்தப் பேச்சு வேண்டாம், அத்தை’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தால் அவள் மறக்கவே மாட்டாள்.

சீனாவில் இந்தத் தொல்லைக்கு அஞ்சியே சிலர் புத்தாண்டுக்கு மட்டும் காதலனாகவோ காதலியாகவோ நடிக்க வாடகைக்கு ஆள் அழைத்துப்போகிறார்கள். அதே நாட்டில், பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்பதைச் சேர்த்துத் திருத்தப்பட்ட முதியோர் சட்டம் 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு கை விரட்ட, மறு கை இழுக்கிறது.

கலப்புத் திருமணம் செய்த வீட்டில் யார் பண்டிகைக்கு யார் சமையல்?

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இது புதிய செய்தியன்று. ஒரே தெருவில் தேவாலயத் திருவிழாவும் ஆடிக் கூழும் நடக்கும் இடங்கள் இவை. பொதுவான வழக்கு எதுவென்றால், பண்டிகை யாருடையதோ அவர் வீட்டு முறைப்படி சமையல். விருந்தாளியாக வருபவர் உண்ணக்கூடிய ஓரிரு பதார்த்தம் கட்டாயம். தவக்கால வெள்ளி, புரட்டாசி சனி, ரம்ஜான் நோன்புப் பகல் ஆகியவற்றை இரு வீட்டாரும் ஒரே காலண்டரில் குறித்துவைத்தால், பெரிய வெள்ளியன்று பிரியாணிக்கு அழைக்கும் தர்மசங்கடம் நேராது. இறைச்சியைப் பாய் கடையில் ஹலாலாக வாங்கிவிட்டால் எல்லோரும் சாப்பிடலாம். வடசென்னையில் பெரும்பாலான வீடுகள் அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன.

குடித்துவிட்டு வரும் மாமாவை என்ன செய்வது?

குடித்த பின் அவரிடம் நியாயம் பேச வேண்டாம். முன்பே, அவர் மதிக்கும் ஒருவர் மூலம், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். திருவள்ளுவர் தினத்தன்று டாஸ்மாக் மூடியிருக்கும் என்பதை நம்பி மாட்டுப் பொங்கலுக்கு விருந்து வைப்பவர்கள், முதல் நாளே வாங்கி வைப்பவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

அரசியல் பேச்சைத் தவிர்க்க முடியுமா?

தேர்தல் ஆண்டில் கடினம். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பின் வந்த நன்றி நவிலும் நாளில், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் கூடிய விருந்துகள் ஏறக்குறைய 30 முதல் 50 நிமிடம் வரை சுருங்கிப்போயின என்று, கைப்பேசிகளின் இருப்பிடத் தரவைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2018இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. நம் வீடுகளில் மாமாவும் மச்சானும் கட்சிக்காகக் கத்திக்கொள்வது பெரும்பாலும் பாயசத்தோடு அடங்கிவிடுகிறது. அடங்காமல் போவது வாட்ஸ்ஆப் குழுவில் அது மறுநாள் தொடரும்போதுதான்.

எல்லோரும் கூடியிருக்கும்போதே சொத்துப் பேச்சை முடித்துவிடலாமா?

கூடாது. பண்டிகைக்கு வந்த தங்கையிடம், விருந்து முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், ‘ஒரு கையெழுத்துதான்’ என்று, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது பல குடும்பங்களை ஒரேயடியாகப் பிரித்திருக்கிறது. அசையாச் சொத்துக்கான விடுதலைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டிய ஆவணம். அதைப் பலகாரத் தட்டோடு சேர்த்து நீட்டுவது அவசரத்தையே காட்டும்.

‘உனக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அதுவே உன் பங்கு’ என்ற வாதம் சட்டப்படி நிற்காது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்குரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்கு அது பொருந்தியது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு, மணமான மகள்களும் உள்ளே வந்தார்கள். அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தந்தை தாமே சம்பாதித்த சொத்தை அவர் விருப்பப்படி யாருக்கும் உயில் எழுதலாம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு. இவ்வளவையும் கறிசோற்றின் நடுவில் பேசித் தீர்க்க முடியாது; தை மாதத்தில் வேறொரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கறிஞரையோ நடுநிலையான பெரியவரையோ வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கையில் பணமில்லாத நேரத்தில் பண்டிகை வந்தால்?

காசிமேட்டு விசைப்படகுக் குடும்பங்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் நிலை. சித்திரைப் பிறப்பு ஏப்ரல் 14. மறுநாளே 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை நீடிக்கும். அந்தக் குடும்பங்களில் யார் எவ்வளவு தருவது என்ற பேச்சு வெளிப்படையாகவே நடக்கிறது: ஒருவர் அரிசி, ஒருவர் கறி, ஒருவர் எண்ணெய். மாதச் சம்பளக்காரர்களும் அப்படிப் பங்கு பிரிக்கலாம். ‘நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முன்வரும் அண்ணன், பிறகு ஆண்டு முழுவதும் அதைச் சொல்லிக்காட்டுவதைவிட அது நல்லது.

சண்டை நடந்துவிட்டது. யார் முதலில் பேசுவது?

ஈரானிய வழக்கப்படி இளையவர் முதலில் போகலாம். ஆனால் எடுத்தெறிந்து பேசியவர் மூத்தவராக இருந்தால் அவர்தான் அழைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால், நடந்ததை ஒவ்வொருவரும் தனித்தனி உறவினரிடம் தனித்தனி விதமாகச் சொல்லி முடித்திருப்பார்கள். அதன்பின் சமாதானம் இரண்டு பேருக்கிடையே என்பது போய் இரண்டு அணிகளுக்கிடையே என்று ஆகிவிடும். மன்னிப்புக் கேட்கும்போது நடந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால்’ என்று தொடங்கும் மன்னிப்பை யாரும் ஏற்பதில்லை.

எந்த நிலையில் இதைக் குடும்பச் சண்டை என்று விட்டுவிடக் கூடாது?

கை ஓங்கினால், சீர் கேட்டு மிரட்டினால், வீட்டை விட்டு வெளியே தள்ளினால், முதியவரைப் பட்டினி போட்டால். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பெயரில் இருந்தாலும், பெண்ணுக்குத் தான் வாழும் வீட்டில் தங்கும் உரிமையை அளிக்கிறது. பெண்கள் 181 என்ற எண்ணையும், முதியோர் 14567 என்ற எண்ணையும் அழைக்கலாம். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

இந்த ஆண்டு போகாமலே இருந்துவிட்டால் தவறா?

தவறில்லை. வீட்டில் அரிசியும் கறியும் கணக்குப் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள். காரணத்தை நீட்ட வேண்டாம். விருந்து நாளில் போக முடியாத வீட்டுக்குக் காணும் பொங்கலன்று போய்ப் பெரியவர்களைப் பார்த்து வரலாம். அந்த நாள் அதற்காகவே இருக்கிறது, அன்று யாரும் பந்தி போட்டுக் காத்திருக்க மாட்டார்கள், பிள்ளைகளும் கடற்கரைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பதால் அரை மணி நேரத்தில் எழுந்துகொள்ளலாம்.